சீர்க் கட்டிலை அறுத்த கையெடு பாய்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் பயத்தையெல்லாம் ஒரே வலையில் வாரி ஒரே ஆளின் தலையில் கொட்டினால், அவர்தான் கையெடு பாய். தண்ணீருக்குப் பயம், காற்றுக்குப் பயம், நெருப்புக்குப் பயம், பூனைக்குப் பயம். பயமில்லாமல் ஒரு நாள் கழிந்துவிட்டால், என்னவோ நடக்கப்போகிறது என்று மறுநாள் கடையைத் திறக்க மாட்டார். அவர் பயந்து மிச்சம் வைத்ததைத்தான் நாங்கள் பயந்தோம்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மெட்ராசில் ஒரு மேசை நாற்காலிக் கடையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன கொட்டகை. அதில் உட்கார்ந்து மைக்கா மேசையும் மேடையும் செய்து கொடுத்தார். அப்போதெல்லாம் பளபளவென்று மைக்கா ஒட்டிய மேசையைப் பெரிய ஓட்டலிலும் ஆபீசிலும்தான் பார்க்க முடியும். பாய் மெட்ராஸ் கடைகளில் வெட்டிப் போட்ட துண்டுகளை மலிவாக வாங்கி வருவார். தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, இழைத்து, அதன்மேல் துண்டு துண்டாக ஒட்டுவார். ஒரே மேசையில் இங்கே நீலப்பூ, அங்கே தேக்கு வரி, மூலையில் வெள்ளை. பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும், ஈரத்துணியால் துடைத்தால் கண்ணாடி.

அவருடைய பயங்களுக்கெல்லாம் தலைமைப் பயம் ஒன்று உண்டு. அது சொல்யூஷன். சைக்கிள் கடையில் பங்சர் ஒட்டுவதற்கு இருக்குமே, அதற்கு அண்ணன் மாதிரி ஒரு பசை. பலகையில் தடவ வேண்டும், மைக்காவின் முதுகிலும் தடவ வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் காயவிட வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், ஒன்றின்மேல் ஒன்றை வைக்க வேண்டும். பட்டால் பட்டதுதான். தூக்க முடியாது, நகர்த்த முடியாது.

"தம்பி, அல்லா மன்னிப்பாரு. போலீஸ்கூட சமயத்துல மன்னிக்கும். சொல்யூஷன் மன்னிக்காது" என்பார்.

மெட்ராசில் ஒரு தடவை அவருடைய கையே நடுவில் மாட்டிக்கொண்டதாம். அன்றிலிருந்து யார் எதன்மேல் கை வைத்தாலும் "கையெடு!" என்று கத்துவது பழக்கமாகிவிட்டது. தெருவில் நடக்கும்போதும் போலீசில் பிடிபட்டவரைப் போல இரண்டு கையையும் மார்பு உயரத்தில் தூக்கிக்கொண்டுதான் நடப்பார்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மேசைக்கு மைக்கா ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கை மேசைப் பக்கம் சாய்ந்தது. பாய் "கையெடு!" என்று போட்ட சத்தத்தில் கண்டக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். டீ மடியில் கொட்டியது.

"இன்னா பாய், இப்பிடிக் கத்துற?"

"கையத்தானே எடுக்கச் சொன்னேன்? டீயையா ஊத்தச் சொன்னேன்?"

"ரெண்டு கையையும் எடுத்தா டீய எவன்யா புடிப்பான்?"

இன்னொன்றும் உண்டு. சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திறந்தால் அதன் வாசனையே தீப்பிடிக்கும். அதனால் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனால் முதல் காரியமாக ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். வீட்டில் இருக்கும் தீப்பெட்டிகளை எல்லாம் வாங்கி அதில் போட்டுவிடுவார். அக்கம்பக்கத்து வீட்டுத் தீப்பெட்டிகளையும் கேட்பார். கொடுக்காதவர்களிடம், கூரை எப்படிப் பற்றும், எந்தப் பக்கம் முதலில் சரியும், ஆட்கள் எந்த வழியாக ஓட முடியாது என்பதை எல்லாம் பொறுமையாக விளக்குவார். கேட்டவர்கள் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடாமல் இருப்பார்கள்.

அப்படிப்பட்டவரை நான் என் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டி வந்தது.

நாங்கள் இருந்தது ஏரிக்கு நடுவே பசியாவரம் தீவில். என் மனைவி கஸ்தூரி, விடியற்காலையில் வலைக்குப் போகிறவர்களுக்கு இட்லி சுட்டு விற்பாள். ஒரு மழை நாளில் தோணியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. மூன்று மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு கால் நேராக நின்றது. மடங்கத்தான் இல்லை. நிற்பாள், நடப்பாள், உயரமான முக்காலியில் காலை நீட்டி உட்காருவாள். தரையில் உட்கார முடியாது. எங்கள் ஊரில் அடுப்பு தரையில் இருந்தது.

நான் இட்லி சுட்டேன். வாங்கிப்போனவர்கள் அதைத் தூண்டிலில் மாட்டி நண்டு பிடிக்கலாம் என்றார்கள். நண்டும் தொடாது என்றார் தோணிக்கார கோபால்.

கஸ்தூரிக்கு ஓர் அண்ணன். தோணிரேவு என்ற ஊரில் இருந்தார். ஆள் வாசலில் நின்றால் வீட்டுக்குள் இருட்டிவிடும். அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாப்ளே, என் தங்கச்சி நின்னுகினு சமைக்க ஒரு மேடை போடு. இல்லாங்காட்டி ஞாயித்துக்கெயம வந்து இட்டுகினு பூடுவேன். என் வூட்ல அதுக்கு ஒரு வேலையும் கெடயாது. குந்திகினு துன்னலாம்."

அவர் போன பிறகு கஸ்தூரி என்னிடம் சொன்னாள். "குந்த வச்சி சோறு போட்டா நான் செத்துப்பூடுவேன்யா. ஆனா இங்கயும் சொம்மாதானே கீறேன்? அங்கன்னா அண்ணிக்கு ஒத்தாசையாவது இருப்பேன். மேடை வந்தா இருக்கேன். வராட்டி போறேன்."

எனக்கு வயிற்றில் கல் விழுந்தது. அவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எதனாலோ தோன்றியது. கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. கடப்பாக்கல் வைத்து மேடை கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊருக்குக் கல் தோணியில்தான் வரவேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஒருவர் கொண்டுவந்தார். கல் தோணியின் அடிப்பலகையைப் பிளந்துகொண்டு ஏரிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தத் தோணிக்காரரும் கல் என்ற சொல்லைக்கூட ஏற்றிக்கொள்வதில்லை. ஆகவே பலகையும் மைக்காவும்தான் வழி.

எனக்கு யாரிடமும் போய்ப் பேச வராது. பாய் கடைக்கு எதிரில் இரண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள் பாயே பயந்துபோய்க் கேட்டார்.

"தம்பி, நீ யாரு? எதுக்கு என்னையே பாக்குறே? நான் யாருக்கும் எந்தக் கெடுதியும் செய்யலியே?"

சொன்னேன். கஸ்தூரியின் காலைப் பற்றிச் சொன்னபோது கையைக் கீழே இறக்கிக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு முழு மைக்காத் தகடு எடுத்து வந்தார். வெளிர் பச்சை. அவரிடம் இருந்த ஒரே முழுத் தகடு.

"அடுப்பு மேடைக்குத் துண்டு ஒட்டக் கூடாது. சந்துல தண்ணி எறங்கும். இத வெச்சுக்க. ஆனா ஊருக்கு நடந்து வர வழி இருக்கா?"

"இல்ல பாய். தோணிதான்."

பாய் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டார்.

எப்படியோ மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். தோணியில் ஏறினதும் கண்ணை மூடிக்கொண்டார். தகட்டைப் படுக்க வைத்தால் விரிசல் விடும் என்று சொல்லி, நிமிர்த்தி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாதி ஏரியில் காற்று எழுந்தது. தகடு பாய்மரத்துப் பாயாகிவிட்டது. தோணி ஊரை விட்டுவிட்டு முகத்துவாரத்தைப் பார்த்துத் திரும்பியது. அதைத் தாண்டினால் கடல்.

கோபால் கோலை ஊன்றிப் பார்த்தார். நிற்கவில்லை. "கையெடு பாய்! கையெடு! அந்தத் தகட்ட வுடு!"

"விட்டா ஒடைஞ்சிரும்!"

"வுடாட்டி நாம ஒடஞ்சிருவோம்யா!"

பாய் கண்ணையும் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. தகட்டோடு அப்படியே மல்லாந்து படுத்தார். மார்பின்மேல் தகடு, அதன்மேல் அவருடைய தாடி. தோணி நேரானது. கரை சேரும் வரைக்கும் ஓதிக்கொண்டே வந்தார். நடுநடுவே கோபாலும் சாமி பேரைச் சொல்லிக்கொண்டார்.

பலகை தயாராக இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். என் நைனாவின் பழைய தோணியைப் பிரித்து எடுத்த பலகைகள். நாற்பது வருடம் ஏரியில் கிடந்தும் உளுக்காத மரம். அதைவிட நல்ல மரம் எங்களுக்குத் தெரியாது. பாய் குனிந்து பார்த்தார். தட்டினார். பிறகு நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினார்.

"உப்பு" என்றார். "முழுக்க உப்பு. உப்பு மரம் காயவே காயாது தம்பி. மழைக்காத்து வந்தா தண்ணிய உறிஞ்சும். மைக்கா கொப்புளம் கொப்புளமா எந்திரிக்கும். ஒரு நா அடுப்போட கவுந்துரும்."

வேறு பலகை தேடிப் புறப்பட்டோம். பாய் ஊரில் இருந்த மரத்தையெல்லாம் நக்கிப் பார்த்தார். கோபால் வீட்டுக் கதவு உப்பு. வலை உலர்த்தும் கம்பு உப்பு. ரேஷன் கடை பெஞ்சு உப்பு. ஊர்ப் பெரியவர் வீட்டு நிலைப்படியைக் குனிந்து நக்கும்போது அவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"எவன்டா அவன், நெலப்படிய நக்குறவன்?"

"மன்னிக்கணும் பெரியவரே. உங்க வூடும் உப்புதான்."

பெரியவர் வேப்பிலை கேட்டு ஆள் அனுப்பினார். பெண்கள் கதவைச் சாத்தினார்கள். சந்தைக்குப் புறப்பட்ட ஒரு தோணி, இந்தச் செய்தியை ஏற்றிக்கொண்டு தோணிரேவுப் பக்கம் போனது. அதை நாங்கள் கவனிக்கவில்லை.

களைத்துப்போய் என் வீட்டுக்குத் திரும்பினோம். மூலையில் இருந்த ஒன்றைப் பாய் பார்த்தார். சீர்க் கட்டில். கல்யாணத்துக்குக் கஸ்தூரியின் அண்ணன் கொடுத்தது. எங்கள் ஊரில் சீர்க் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிப்பதில்லை. பிரித்தால் சீர் பழசாகிவிடும். அதன்மேல் பித்தளைப் பாத்திரங்களை அடுக்கி வைப்போம். தரையில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டு தூங்குவோம்.

பாய் தாளைக் கொஞ்சமாக விலக்கி நக்கினார். இரண்டாம் முறையும் நக்கினார். அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயம் குறைந்தது.

"உப்பில்ல. தாளு காப்பாத்தியிருக்கு. இந்தத் தீவுலயே உப்பில்லாத மரம் இது ஒண்ணுதான்."

நான் தாளை இழுத்து மூடினேன். "பாய், அது மச்சான் குடுத்த சீரு. அறுத்தா என்னை அறுத்துருவாரு."

கஸ்தூரி முக்காலியிலிருந்து எழுந்து நின்றாள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"அறு பாய். படுக்கறதுக்குத் தரை போதும். எனக்கு நிக்கறதுக்குத்தான் பலகை வோணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். இரண்டு பேரும் கஸ்தூரியைப் பார்த்தோம். ரம்பம் ஓடத் தொடங்கியது.

கட்டிலின் பலகைகளைச் சேர்த்து இழைத்தார். அதன் கடைந்த கால்களோடு சவுக்குக் கட்டை சேர்த்து உயரம் கூட்டினார். மத்தியானத்துக்குள் மேடை நின்றது. சொல்யூஷன் டப்பா வெளியே வந்தது. பதினாறு தீப்பெட்டி வாளிக்குள் போனது.

இப்போது பாய்க்கு இரண்டு பயம் ஒரே நேரத்தில் வந்தது. ஜன்னலைத் திறந்தால் மணல் பறந்து வந்து பசையில் உட்காரும். ஒரு பொடி மணல் இருந்தாலும் மைக்கா மேடு தட்டும். மூடினால் வாசனை உள்ளேயே தங்கும். எங்கள் கூரை கீற்றுக் கூரை. திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் கஸ்தூரியின் புடவையை நனைத்து ஜன்னலில் கட்டினார். இரண்டு பக்கமும் தடவினார். வாசனை ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காய்ந்ததும் பலகைமேல் தென்னை ஈர்க்குகளைச் சாண் இடைவெளியில் வரிசையாக வைத்து, அவற்றின்மேல் தகட்டை மெல்ல ஏற்றினார். ஈர்க்கு இருக்கும்வரை தகடு பலகையைத் தொடாது. இடம் சரிபார்த்து, நடுவிலிருந்து ஒவ்வொரு ஈர்க்காக உருவி அழுத்திக்கொண்டே போக வேண்டும்.

"மூச்சு விடாதீங்க" என்றார். விடவில்லை. முதல் ஈர்க்கில் கை வைத்தார்.

அப்போது வீட்டுக்குள் இருட்டியது.

வாசலில் கஸ்தூரியின் அண்ணன் நின்றிருந்தார். கதவை நக்குகிறவன் ஒருவன் உன் தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று அந்தச் சந்தைத் தோணிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். வந்துவிட்டார். மேடைக்குக் கீழே கட்டில் கால்களைப் பார்த்தார். அவருடைய உதட்டில் பீடி இருந்தது. அதன் முனை சிவப்பாக இருந்தது.

"டேய் மாப்ளே..." என்று ஒரு காலை உள்ளே வைத்தார்.

கஸ்தூரி முக்காலியில் இருந்தாள், மேடைக்கும் சுவருக்கும் நடுவில். அவளால் சட்டென்று எழுந்து ஓட முடியாது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஆனால் என் கால் நகரவில்லை.

நகர்ந்தது பாய். பூனைக்குப் பயந்த அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். மச்சானின் வயிற்றில் முட்டினார். அந்த மலையை முட்டித் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டி, வலைக் குவியலைத் தாண்டிப் போனார். பத்தடியில் ஏரி. இருவரும் தொப்பென்று விழுந்தார்கள். பீடி போயிற்று.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பாய் அதில் மூழ்கிக்கொண்டிருந்தார். மச்சான் அவருடைய சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அடிக்கக் கையை ஓங்கினார். அந்தக் கையைப் பார்க்காமலே பாய் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"தங்கச்சி! பதம் போயிரும்! ஈர்க்க எடு! நடுவுல இருந்து எடு!"

கஸ்தூரி சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள். "யோவ், மரம் மாதிரி நிக்காதே. நீ அந்தப் பக்கம் வா. நான் உருவறேன், நீ அமுக்கு."

உருவினாள். அமுக்கினேன். நான் அமுக்கிய வேகத்தில் தகடு ஒரு விரல் அளவு கோணிக்கொண்டது. அதற்குள் பட்டுவிட்டது. பட்டால் பட்டதுதான். கடைசி ஈர்க்கு வந்தபோது கஸ்தூரியின் மூக்கிலிருந்து வேர்வை சொட்டி அந்தப் பச்சையின்மேல் விழுந்தது. அவளே முந்தானையால் துடைத்தாள். கண்ணாடி.

மச்சான் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "எதுக்குடா இந்த ஆளு என்னை முட்டுனான்?"

கஸ்தூரி சொன்னாள். வாசனையைச் சொன்னாள், பீடியைச் சொன்னாள், கையை நீட்டிக் கூரையைக் காட்டினாள். மச்சான் கூரையைப் பார்த்தார். தங்கச்சியின் காலைப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு மெல்ல மெல்ல மணலில் உட்கார்ந்தது.

"பாய், நீ முட்டலன்னா?"

"அத நெனைக்காத அண்ணாத்தே. நெனைச்சா எனக்கு மயக்கம் வரும்" என்றார் பாய். நினைத்திருப்பார் போலிருக்கிறது. மயங்கி விழுந்தார்.

தகடு அழுந்தி ஒட்டுவதற்காக ஒரு நாள் முழுக்க வலையின் ஈயக் குண்டுகளை மேடைமேல் பரப்பி வைத்திருந்தோம். மச்சான் போகவில்லை. அந்தக் குண்டுகளுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தார், ஒரு பீடியும் பிடிக்காமல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கஸ்தூரி ஸ்டவ்வுக்குக் கீழே தகரம் போட்டு, நின்றபடி இட்லி ஊற்றினாள். அண்ணன் பதினெட்டு இட்லி சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு தோணியில் ஏறினார், தனியாக. "கட்டிலு நல்லா கீதும்மா" என்று மட்டும் சொன்னார்.

இதோடு பாயின் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு பகலில் கோபாலின் தோணி வந்து நின்றது. அதில் கண்ணை மூடிக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்ன ரம்பம்.

"கஸ்தூரி தோளப் புடிச்சிகினு கீதுன்னு கோபாலு சொன்னாரு" என்றார். "மேடை ஒசரம் தம்பி. என் தப்பு. முழங்கையை அளந்திருக்கணும். அன்னிக்கு இருந்த பேஜாருல மறந்துட்டேன்."

உண்மைதான். கஸ்தூரிக்கு ஒரு வாரமாகத் தோள்வலி. எனக்குப் பாயிடம் போய்ச் சொல்லத் தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை. பாய் அவளை மேடை முன்னால் நிற்க வைத்தார். முழங்கை உயரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறித்தார். தரையில் படுத்து நான்கு சவுக்குக் கட்டையிலும் இரண்டு விரற்கடை அளவு அறுத்தார். டீ கொடுத்தோம். காற்று கிளம்புவதற்குள் போக வேண்டும் என்று பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவரைக் கொண்டுவிட நானும் தோணியில் ஏறினேன். ஆழமான இடம் வந்தபோது தோணி ஆடியது. பாய் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"தம்பி, தங்கச்சி இப்ப வலியில்லாம நிக்குதா?"

"நிக்குது பாய்" என்றேன்.

கரை வரும் வரைக்கும் நான் பேசியது அந்த இரண்டு சொல்தான். ஏரி இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருந்தால், மூன்றாவதையும் சொல்லியிருப்பேன்.